சும்மா ஓடிய குற்றம்

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னை ஊர்ப் பஞ்சாயத்தில் நிறுத்தினார்கள்.

குற்றம் — ஓடியது.

பதறாதீர்கள். யாரோடும் இல்லை. தனியாகத்தான் ஓடினேன். காலில் ஷூ, முட்டியில் வலி, தலையில் நரை... இந்த லட்சணத்தில் என்னைக் கூட்டிக்கொண்டு ஓட யார் வரப்போகிறார்கள்?

ஆனால் செய்தி அப்படிப் போகவில்லை. "ஐஸ்காரம்மா ஓடிட்டாங்களாம்... பஞ்சாயத்து வரைக்கும் போயிடுச்சாம்" என்று லைட்ஹவுஸ் குப்பத்தில் கிளம்பி, பழவேற்காட்டில் பொன்னேரி பஸ் ஏறி, திருப்பாலைவனத்தில் என் அண்ணன் வீட்டு வாசலில் போய் இறங்கிவிட்டது. அண்ணன் உடனே போன் போட்டான். முதல் கேள்வி, "மாப்பிள்ளை சாப்பிட்டாரா?" இரண்டாவது கேள்வி, மிகவும் தணிந்த குரலில், "யாரும்மா அது?"

"யாரும் இல்லண்ணே. நான் மட்டும்தான் ஓடினேன்."

"அப்ப எதுக்கு ஓடணும்?"

இதைத்தான் ஊரும் கேட்டது. இதற்குத்தான் பஞ்சாயத்தே கூடியது.

இந்தப் பத்தியை வாராவாரம் படிக்கிறவர்களுக்கு என் வீட்டுக்காரரின் ஐஸ் டிப்போவைத் தெரியும். புதிதாக வருபவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். நான் நெல் விளைகிற திருப்பாலைவனத்துப் பெண். அவர் மீன் பிடிக்கிற குப்பத்தில் போட்டுகளுக்கு ஐஸ் போடுகிறவர். டிப்போவுக்குப் பின்னாலேயே எங்கள் வீடு. அதனால் ஊரில் எனக்கு ஐஸ்காரம்மா என்று பெயர். நான் பத்தி எழுதுவதை இங்கே யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. பேப்பரில் என்னைவிட அதிகம் மடிக்கப்படுவது கருவாடுதான்.

மழை விட்ட கையோடு, சென்னையில் வேலை பார்க்கும் மகள் ஒரு ஜோடி ஷூ அனுப்பிவைத்தாள். கூடவே ஒரு வாய்ஸ் மெசேஜ். "அம்மா, ஓடு." அவ்வளவுதான். அவள் ஏசி ரூமில் மெஷின் மேல் ஓடுகிறவள். எவ்வளவு ஓடினாலும் ஏறின இடத்திலேயே இறங்குவாள். அதற்கு மாதச் சந்தா வேறு.

நான் முன்பு ஒருமுறை சித்திரை மாதத்தில் ஓடிப் பார்த்திருக்கிறேன். கிழக்குக் கரையில் சித்திரை வெயில் எப்படித் தெரியுமா? கதவைத் தட்டாமல் உள்ளே வந்து உட்காரும் சொந்தக்காரர் மாதிரி. விடிந்த மறு நிமிஷம் முகத்துக்கு நேராக நிற்கும். காய்கிற கருவாட்டுக்கு நடுவே நானும் காய்ந்தேன். அன்றோடு விட்டேன்.

மார்கழி அப்படி இல்லை.

ஷூவைச் சும்மா போட்டுப் பார்க்கத்தான் வெளியே வந்தேன். வாடைக்காற்று மூக்கில் வந்து ஒரு தட்டு தட்டியது. கடல் இருக்கும் திசையில் சத்தம் மட்டும் இருந்தது, கடலைக் காணோம். அப்படி ஒரு பனி. அலை நனைத்துவிட்டுப் போன மணல் கால் புதையாமல் கெட்டியாக இருந்தது. நாலடி ஓடினேன். பல் கிடுகிடுத்தது. இன்னும் நாலடி. காது மடல் எரிந்தது. திரும்பிவிடலாம் என்று நினைத்தபோது வயிற்றுக்குள் எங்கோ ஒரு அடுப்பு பற்றிக்கொண்டது. அதன் பிறகு... எப்படிச் சொல்வது? வெளியே எலும்பு நடுங்குகிற குளிர். உள்ளே நான் சுகமாக இருக்கிறேன். வாயிலிருந்து புகை வருகிறது. சின்னப் பெண் மாதிரி அதை ஊதி ஊதிப் பார்த்துக்கொண்டே ஓடினேன்.

இன்னொரு சௌகரியமும் உண்டு. பனியில் யாருக்கும் நான் தெரியமாட்டேன். வயிறு குலுங்கினால் குலுங்கட்டும். சுடிதார் டாப்ஸும் பேன்ட்டும் வேறுவேறு கலராக இருந்தால் இருக்கட்டும். திரும்பிப் பார்த்தால் வீடு தெரியாது, டிப்போ தெரியாது, கழுவாத பாத்திரம் தெரியாது. பெண்களே, நீங்கள் சொல்லுங்கள்... இதைவிட வேறு சொர்க்கம் உண்டா?

என் வீட்டுக்காரருக்கு மட்டும் புரியவில்லை. மார்கழி பிறந்தால் அவர் மங்கி குல்லாவும் மஃப்ளருமாக ஒரு பார்சல் போலத்தான் நடமாடுவார். "நாளெல்லாம் ஐஸ் உடைக்கிறோம். இதுல உனக்குக் குளிர் பத்தலயா?" என்றார். குல்லாவுக்குள்ளிருந்து வந்ததால் பாதிதான் கேட்டது. கேட்காத பாதிக்கும் சேர்த்துத் தலையாட்டிவிட்டு ஓடினேன்.

கொஞ்ச நாள் இருட்டு பிரிவதற்கு முன்பே ஓடி முடித்துவிட்டேன். யாருக்கும் தெரியவில்லை. பிறகு ஒருநாள் தூங்கிப்போய்க் கொஞ்சம் தாமதமாகக் கிளம்பினேன். வினை அங்கே வந்தது.

வடக்கே முகத்துவாரம் வரைக்கும் ஓடிவிட்டு, ஊரை ஒட்டின கரையில் திரும்பி வந்துகொண்டிருந்தேன். காதில் இயர்போன், அதில் பாட்டு. பனி கொஞ்சம் கலைந்திருந்தது. கரையில் மாலதி உட்கார்ந்திருந்தாள். எங்கள் பக்கத்துத் தெரு. கடலுக்குப் போன புருஷன் செல்வத்தின் போட்டை எதிர்பார்த்துக் கூடையோடு காத்திருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்தாள். வாயசைத்து ஏதோ கேட்டாள். 'குட் மார்னிங்' ஆக இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். கழுத்தில் கிடந்த துண்டை எடுத்து, தலைக்கு மேலே இரண்டு சுற்று சுற்றி, பதில் வணக்கம் சொல்லிவிட்டுத் தாண்டிப் போனேன்.

துண்டைச் சுற்றினேனா... அதுதான் நான் செய்த தப்பு. இந்தக் கரையில் துணியைத் தலைக்கு மேலே சுற்றினால் 'எல்லாரும் ஓடி வாங்க' என்று அர்த்தம்.

வயல்காட்டில் வளர்ந்த எனக்கு இது எப்படித் தெரியும்? எங்கள் ஊரில் ஒருத்தர் ஓடினால் யாருடைய மாடோ யாருடைய வயலிலோ இறங்கிவிட்டது என்று அர்த்தம். மாட்டுக்காரரும் வயல்காரரும் மட்டும் ஓடுவார்கள். மற்றவர்கள் வரப்பில் நின்று வேடிக்கை பார்ப்பார்கள்.

குப்பத்தில் வேடிக்கை பார்க்கிறவர் கிடையாது. எல்லாரும் ஓடுவார்கள்.

பாட்டையும் மீறித் தடதடவென்று சத்தம் கேட்டது. திரும்பிப் பார்த்தேன். பனிக்குள்ளிருந்து ஊர் வந்துகொண்டிருந்தது. முன்னால் மாலதி. பின்னால் லுங்கியை மடித்துக் கட்டிய ஆம்பளைகள், தலைமுடியை அள்ளிச் செருகிய பெண்கள். ஒருத்தர் தோளில் கயிறு. ஒருத்தர் கையில் லாரி டியூப். இரண்டு பேர் கரைவலையைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள்.

இப்படி ஒரு கூட்டம் தலைதெறிக்க ஓடி வந்தால் நீங்கள் என்ன நினைப்பீர்கள்? அவர்களை ஏதோ துரத்துகிறது என்றுதானே? கடல்தான் ஏறி வருகிறது என்று முடிவு கட்டிவிட்டேன். அலறிக்கொண்டு இன்னும் வேகமாக ஓடினேன். நான் அலறுவதைப் பார்த்து அவர்களும் அலறிக்கொண்டு வேகத்தைக் கூட்டினார்கள். அவர்கள் ஓடுவதால் நான் ஓடினேன், நான் ஓடுவதால் அவர்கள் ஓடினார்கள். என் மூச்சு மட்டும் தீராமல் இருந்திருந்தால் அன்றைக்கு எல்லாருமாக எண்ணூர் போய்ச் சேர்ந்திருப்போம்.

கவிழ்த்துப் போட்டிருந்த ஒரு போட்டின் பக்கத்தில் விழுந்தேன். ஊர் என்னைச் சுற்றி நின்று மூச்சு வாங்கியது.

"இன்னாக்கா... எங்க... எந்த போட்டு?" என்றாள் மாலதி. அவள் முகத்தில் ரத்தமே இல்லை.

"என்ன போட்டு?"

"மீனா? கரையோரமா மீன் கூட்டம் வந்துச்சா?" என்றார் வலைக்காரர்.

"என்ன மீன்?"

"அப்ப இன்னாத்துக்கு ஓடின?"

நான் எல்லார் முகத்தையும் பார்த்தேன். வேறு பதிலே கிடைக்கவில்லை.

"சும்மா."

அலை கூட நின்றுவிட்டது போல இருந்தது. அந்த அமைதியில் தூரத்திலிருந்து கடகடவென்று ஒரு சக்கரச் சத்தம் வந்தது. மங்கி குல்லா, மஃப்ளர். என் வீட்டுக்காரர்தான். ஊர் ஓடினால் மீன் வந்திருக்கும், மீன் வந்தால் ஐஸ் வேண்டும் என்ற கணக்கில், தள்ளுவண்டியில் ஐஸ் பெட்டியை வைத்துத் தள்ளிக்கொண்டு வந்து சேர்ந்தார்.

"எவ்ளோ மீன்?" என்றார்.

இதற்கு மேல் பஞ்சாயத்து கூடாமல் என்ன செய்யும்?

அம்மன் கோயில் வாசலில் கூடினார்கள். தலைவர் ஏழுமலை அண்ணன் நடுவில் உட்கார்ந்தார். நியாயமான மனுஷர். ஆனால் ஓடிய வழக்கு என்றால் அவர் இதுவரை பார்த்ததெல்லாம் ஜோடியாக ஓடிய வழக்குதான். அதனால் எங்கிருந்து ஆரம்பிப்பது என்று தெரியாமல் தாடியைத் தடவினார்.

"ஐஸ்காரம்மா... நீ ஓடினது வாஸ்தவம்தானே?"

"வாஸ்தவம்ணே."

"இன்னாத்துக்கு?"

"சும்மாதாண்ணே."

"திரும்பவும் பாரு, அதையே சொல்லுது" என்று பின்னால் யாரோ முணுமுணுத்தார்கள்.

பிராது கொடுத்தவள் மாலதி. எழுந்து நின்றாள். அடுப்பில் வைத்த நாஸ்தா கருகியதைச் சொல்வாள், ஓடியதில் கால் பிசகியதைச் சொல்வாள் என்று எதிர்பார்த்தேன். அதெல்லாம் சொல்லவில்லை.

"இந்தக் கரையில பொம்பள ஓடினா எங்களுக்கு ஒரே அர்த்தம்தாண்ணே. என் ஊட்டுக்காரு அந்நேரம் கடல்ல கீறாரு. இந்த அக்கா துண்டைச் சுத்தினதும் என் உசுரே போய்ட்சு. அவரு மூஞ்சைக் கரையில பாக்குற வரைக்கும் கை கால் ஆடினே இருந்துச்சு. இவங்களுக்கு சும்மா... எங்களுக்கு?"

எனக்குத் தலை நிமிரவில்லை. அவள் சொன்னது அத்தனையும் நிஜம்.

ஆளாளுக்கு யோசனை சொன்னார்கள். சாயங்காலம் ஓடட்டும் என்றார் ஒருவர். சாயங்காலம்தான் போட்டுகள் கிளம்புகிற நேரம், அது இன்னும் பேஜார் என்றார் இன்னொருவர். ஐஸ் டிப்போவுக்குள்ளேயே சுற்றிச் சுற்றி ஓடட்டும், அங்கே இதைவிடக் குளிரும் என்றார் ஒரு புத்திசாலி. கழுத்தில் மாட்டு மணி கட்டலாம் என்று கூட ஒரு பேச்சு வந்தது. நான் வீட்டுக்காரரைப் பார்த்தேன். அவர் மணியைப் பற்றி நிஜமாகவே யோசித்துக்கொண்டிருந்தார்.

"ஓட வாணாம்மா. நடந்துட்டுப் போயேன்" என்றார் தலைவர். "நடந்தா எவனும் கேக்கப்போறதில்ல."

அதோடு முடிந்திருக்க வேண்டியது. தலையாட்டிவிட்டு வந்திருக்கலாம். ஆனால் எனக்கு அழுகை வந்துவிட்டது. ஒரு ஷூவுக்காக ஊர் நடுவில் அழுவேன் என்று நானே நினைக்கவில்லை.

"அண்ணே, நடந்தா குளிர் என்னைப் பிடிச்சுக்குது. ஓடினாத்தான் விடுது. கண்ணு முழிச்சா டிப்போவுல யாராச்சும் கூப்பிடுறாங்க. வீட்டுல அடுப்பு கூப்பிடுது. போன்ல பொண்ணு கூப்பிடுறா. அந்தப் பனியில ஓடுறப்ப மட்டும்தான் என்னை யாரும் கூப்பிடுறதில்ல. அது ஒண்ணுதாண்ணே என்னோடது. அதை எடுத்துடாதீங்க."

ஆம்பளைகள் கோபுரத்தைப் பார்த்தார்கள். மாலதி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஓடுறதுக்கு யாராச்சும் எதுனா தர்றாங்களா அக்கா?"

"இல்ல."

"வேண்டுதலா?"

"இல்ல மாலதி."

"நெசமாவே சும்மாதானா?"

"சும்மாதான்."

"நான் இந்த ஊருக்கு மருமகளா வந்ததுல இருந்து ஒரு காரியம் சும்மா செஞ்சதில்ல" என்றாள். என்னிடம் சொன்ன மாதிரியும் இல்லை, பஞ்சாயத்திடம் சொன்ன மாதிரியும் இல்லை. பிறகு தலைவரைப் பார்த்துத் திரும்பினாள். "அண்ணே, ஓடினு போவட்டும். ஆனா ஊரைத் தாண்டுறப்ப 'சும்மா'ன்னு கத்தினே ஓடணும். எங்களுக்குக் காதுல வுழணும். கத்தலன்னா அப்பால நான் சும்மா இருக்க மாட்டேன்."

அதுவே தீர்ப்பாயிற்று.

நீங்கள் ஓடிக்கொண்டே கத்திப் பார்த்திருக்கிறீர்களா? ஓடுவதற்கே மூச்சு போதாது. இதில் முதல் வீட்டிலிருந்து கடைசி வீடு வரைக்கும் "சும்மா... சும்மா... சும்மா..." என்று ஏலம் விட வேண்டும். முதல் நாள் 'சும்' ஒரு வீட்டு வாசலிலும் 'மா' அடுத்த வீட்டு வாசலிலும் வந்து விழுந்தது. மாடு கத்துகிறது என்று ஒரு வீட்டில் கழுநீர்ப் பானையை எடுத்துக்கொண்டு வந்துவிட்டார்கள்.

நாளாக ஆகப் பழகிவிட்டது. உள்ளேயிருந்து குரல்கள் பதில் சொல்ல ஆரம்பித்தன. "சரிக்கா, போ!" "இன்னிக்கு ரவ ஸ்லோவாக் கீதே!" பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள் எனக்கு சும்மாக்கா என்று பெயர் வைத்தார்கள். ஐஸ்காரம்மாவைவிட அது எனக்குப் பிடித்திருந்தது. புருஷன் தொழிலில் ஒட்டிக்கொண்டு வராத முதல் பட்டம் அல்லவா?

மாலதி மட்டும் பதில் குரல் கொடுத்ததில்லை. அவள் வீட்டைத் தாண்டும்போது நானே இரண்டு 'சும்மா' கூடுதலாகப் போடுவேன்.

போன வியாழக்கிழமைக்கு வருகிறேன்.

அப்படி ஒரு பனியை இந்த வருஷத்தில் நான் பார்க்கவில்லை. நீட்டின கை தெரியவில்லை. எனக்கு ஒரே குஷி. முகத்துவாரத்துப் பக்கம் ஓடி முடித்துத் திரும்பும்போது தண்ணீர்ப் பக்கமிருந்து ஒரு இன்ஜின் சத்தம் வந்தது. இருமியது... இன்னொரு முறை இருமியது... நின்றுவிட்டது. பிறகு ஆட்கள் கத்துகிற சத்தம்.

இயர்போனைப் பிடுங்கினேன். (பஞ்சாயத்துக்குப் பிறகு ஒரு காதில் மட்டும்தான் மாட்டுகிறேன்.) பனி ஒரு நொடி விலகியது. முகத்துவாரத்தின் மணல் திட்டில் ஒரு ஃபைபர் போட் ஏறிச் சாய்ந்து கிடந்தது. ஒவ்வொரு அலைக்கும் இன்னும் கொஞ்சம் சாய்ந்தது. மூன்று பேர் அதன் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். ஒருத்தர் போட்டிருந்தது மஞ்சள் ரெயின்கோட். அந்தக் கோட்டை நான் தினமும் பார்க்கிறேன். மாலதி வீட்டுக் கொடியில்தான் காயும்.

ஓடினேன்.

இத்தனை நாள் ஓடியதெல்லாம் ஓட்டமே இல்லை என்று அன்றுதான் தெரிந்தது. குளிர் தெரியவில்லை. அடுப்பு, புகை, சொர்க்கம் எதுவும் இல்லை. வயிற்றில் ஐஸ் கட்டிதான் இருந்தது. இந்தக் கரையில் பெண்கள் ஓடுவது என்றால் இப்படித்தானா? மாலதி அன்றைக்கு என் பின்னால் ஓடி வந்தது இப்படித்தானா? போகிற வழியெல்லாம் இதுதான் ஓடியது மனதில்.

கூடவே இன்னொரு பயம். ஊருக்குள் போய் நான் கத்தினால் யார் நம்புவார்கள்? தினமும் கத்துகிற சும்மாக்காதானே? 'சரிக்கா, போ' என்று உள்ளேயிருந்து குரல் கொடுத்துவிட்டு டீயை ஆற்றிக்கொண்டிருந்தால்?

முதல் வீடு வந்தது. வாயைத் திறந்தேன். சத்தம் வரவில்லை. 'போட்டு' என்று சொல்ல நினைக்கிறேன், காற்றுதான் வருகிறது. இரண்டாவது வீடு, மூன்றாவது வீடு. சத்தியமாக ஒரு எழுத்து வரவில்லை. ஷூ மட்டும் தப்தப்பென்று அடித்துக்கொண்டு ஓடுகிறது. அழுதுகொண்டே ஓடினேன்.

அப்போது ஒரு கதவு திறந்தது. பின்னாலேயே இன்னொன்று. பிறகு தெரு முழுக்கக் கதவுகள் படபடவென்று திறந்தன.

எதிரே மாலதி நின்றாள். கையில் டீ வடிகட்டி.

"அக்கா... இன்னா நீ சும்மான்னு சொல்லல?"

நான் வடக்கே கையைக் காட்டினேன். என் தோளைப் பிடித்து ஒரு தள்ளு தள்ளிவிட்டு அவள் ஓடினாள். வடிகட்டியை அவள் கீழே கூடப் போடவில்லை.

கயிறு போயிற்று, டியூப் போயிற்று. கரையில் நின்ற இரண்டு போட்டுகளைத் தள்ளி இறக்கினார்கள். மாலதியின் மகள் "நைனா! நைனா!" என்று பனியைப் பார்த்துக் கத்திக்கொண்டே நின்றாள். உள்ளேயிருந்து "கீறேன்டி!" என்று செல்வத்தின் குரல் வந்தபோது கரையில் பாதிப் பேர் மணலில் உட்கார்ந்துவிட்டார்கள். நானும்தான்.

மூன்று பேரையும் கொண்டு வந்து சேர்த்தார்கள். ஒரு கீறல் இல்லை. பனியில் திட்டு தெரியாமல் ஏறிவிட்டார்களாம், இன்ஜின் ஃபேனில் வலை சுற்றிக்கொண்டதாம். பிடித்த இறால் மொத்தமும் கடலுக்கே திரும்பிப் போய்விட்டது. செல்வம் நடுங்கிக்கொண்டே கரையேறினார். சூடாக ஏதாவது கொடுங்கள் என்று எல்லாரும் சத்தம் போட்டுக்கொண்டிருக்கும்போது, கடகடவென்று அந்தச் சக்கரச் சத்தம் வந்தது.

ஆமாம். ஐஸ் பெட்டியேதான்.

"எவ்ளோ மீன்?" என்றார் என் வீட்டுக்காரர்.

அன்றைக்கு ஊர் அவரைப் பார்த்த பார்வையில், நியாயமாக அந்த ஐஸ் உருகியிருக்க வேண்டும். பாவம், புரிந்ததும் மஃப்ளரைக் கழற்றிச் செல்வத்தின் தலையைத் துவட்டினார். மங்கி குல்லாவையும் அவருக்கே போட்டுவிட்டார். கல்யாணமான நாளிலிருந்து மார்கழியில் அவர் காதை நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

மாலதி எனக்கு நன்றி சொல்லவில்லை. சொல்வாள் என்று நானும் எதிர்பார்க்கவில்லை. அடுத்த நாள் காலையில் ஓடக் கிளம்பவும் எனக்கு மனம் வரவில்லை. ஷூவை எடுப்பதும் வைப்பதுமாக இருந்தேன். அந்த வயிற்று ஐஸ் இன்னும் கரையவில்லை. இனிமேல் இந்தக் கரையில் சும்மா ஓட முடியுமா என்றே சந்தேகமாக இருந்தது.

கதவு தட்டப்பட்டது.

மாலதி நின்றாள். சேலையை வரிந்து கட்டி, மேலே செல்வத்தின் சட்டையைப் போட்டிருந்தாள். காலில் ஒன்றும் இல்லை.

"இன்னா, இன்னிக்கு சத்தத்தக் காணோம்? காத்தாலயே காது வச்சினு கீறேன்."

"மனசு சரியில்ல மாலதி."

"எனுக்கும்தான் சரியில்ல. வா, ஓடலாம்."

நான் அவளைப் பார்த்தேன்.

"வடக்க வாணாம்" என்றாள். "அந்தத் திட்டு இன்னிக்கு என் கண்ணுல பட வாணாம். தெக்க போலாம்."

தெற்கே ஓடினோம். அவள் வெறுங்காலில் ஓடுகிற வேகத்துக்கு என் ஷூ மூச்சு வாங்கியது. முதலில் இந்தக் கரையின் வழக்கம் போல ஓடினாள்... பல்லைக் கடித்துக்கொண்டு, கண் கடல் பக்கமாகவே. கொஞ்ச தூரம் போனதும் அவள் வாயிலிருந்து புகை வந்தது. அதைப் பார்த்தாள். ஒரு தரம் ஊதினாள். சிரித்தாள். பிறகு சட்டென்று நின்று நெஞ்சில் கையை வைத்துப் பார்த்தாள்.

"அக்கா... படபடன்னு அடிச்சிக்குது. ஆனா பயமே இல்ல. இன்னாக்கா இது?"

இதைத்தான் நான் பஞ்சாயத்தில் அழுதுகொண்டே சொல்லப் பார்த்தேன். எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

"ஓடு, ஓடு. நின்னா குளிரு பிடிச்சுக்கும்" என்றேன்.

ஓடுகிற சுவாரசியத்தில் எங்கள் ஊர் எல்லையைத் தாண்டியதைக் கவனிக்கவில்லை. அடுத்த குப்பம் வந்தது, போனது. அங்கேதான் மாலதிக்கு வியர்த்தது. துடைக்கலாம் என்று என் கழுத்துத் துண்டை உருவினாள். துடைத்தாள். அதற்கப்புறம் என்ன தோன்றியதோ, தலைக்கு மேலே தூக்கிச் சுற்றினாள். ஒரு சுற்று இல்லை, நாலைந்து சுற்று. துணியைச் சுற்றினால் என்ன அர்த்தம் என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தவளே அவள்தான்!

பின்னால் தடதடவென்று சத்தம் கேட்டது.

இந்த முறை நான் திரும்பிப் பார்க்க வேண்டிய தேவையே இல்லை. கயிறு வந்திருக்கும், டியூப் வந்திருக்கும், வலையும் வந்திருக்கும். மாலதி திரும்பினாள். இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, பனியைக் கிழித்துக்கொண்டு ஓடி வருகிற ஒரு முழுக் குப்பத்தையும் ஏற இறங்கப் பார்த்தாள்.

"இன்னாம்மா? எங்க? எந்த போட்டு?" என்று முதலில் வந்தவர் மூச்சு வாங்கினார்.

அடிவயிற்றிலிருந்து, கடலுக்கே கேட்கிற மாதிரி, வாழ்க்கையில் முதல்முறையாக அவள் அதைச் சொன்னாள்.

"சும்மா!"

அந்த ஊர்ப் பஞ்சாயத்து வருகிற ஞாயிற்றுக்கிழமை. இந்த முறை குற்றவாளிகள் இரண்டு பேர்.